பாலைநிலத்தில் விருந்தினராயிருத்தல்

நாம் இக்கல்லூரியின் கீழ்வகுப்புகளிற் பயின்ற காலத்தில் எமக்குப் பூமிசாஸ்திரம் கற்பித்த ஆசிரியர், எத்தேசத்தின் படத்தையும் புத்தகத்தைப் பாராமலே கரும்பலகையிற் கீறிக்காட்டும் வன்மை படைத்தவர். ஒருநாள் அரேபியக் குடாநாட்டைக் கீறி, மக்கா, ஏடன், மஸ்கற் முதலிய இடங்களைக் குறித்து முடித்தபின், தென்கிழக்கில் எஞ்சிக் கிடந்த பெருவெளியை வெண்கட்டியாற் சுட்டி, "இங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கைகளைத் தட்டிக்கொண்டார். அந்த ஒன்றுமில்லாத இடத்தின் ஓரத்திலே பிற்காலத்தில் மூன்றாண்டு காலம் உண்டும் உறங்கியும் வாழப்போகின்றோம் என்பதை அன்று நாம் கனவிலும் கருதவில்லை. 1981ஆம் ஆண்டு தொடக்கம் 1984ஆம் ஆண்டு வரை ஓமான் நாட்டின் நடுப்பகுதியில் நிலஅளவைத் தொழிலில் அமர்ந்திருந்தோம். ஜுபிலி மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அங்கே கண்டவற்றையும், அந்நிலத்தைப் பற்றிக் கற்றவற்றையும் சேர்த்து எழுதலாம் எனத் துணிந்தோம்.

முதலில் நம்மவரிடையே உள்ள இரண்டொரு மயக்கங்களை நீக்குதல் நன்று. அரபு மக்கள் யாவரும் பாலைவாசிகள் அல்லர். அவர்களுட் பெரும்பாலார் நெடுங்காலமாகவே நகரங்களிலும் கிராமங்களிலும் நிலைத்து வாழ்பவர்கள். வணிகர், உழவர், மீனவர், மாலுமிகள். கால்நடைகளோடு பெயர்ந்து திரிபவரையே 'பதூ' என்பர். இச்சொல்லைத்தான் ஐரோப்பியர் 'பெடுயின்' எனத் திரித்து வழங்கினர். அடுத்து, பாலைவனம் முழுவதும் மணலன்று. பெரும்பகுதி பரற்கற்கள் பரந்த கட்டாந்தரையே. ஆயினும் மணலுக்கென்றே அமைந்த ஒரு பகுதியும் உண்டு. 'றுப்உல் காலி' என்னும் அதன் பெயருக்கு 'வெறுமையான காற்பங்கு' என்பது பொருள். ஏறக்குறைய 650,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதாவது நமது இலங்கையைப் போலப் பத்து மடங்கு. சவூதி அரேபியா, ஓமான், ஐக்கிய அரபு அமீரகம், யேமன் ஆகிய நான்கு நாடுகளும் அதனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சில மணற்குன்றுகள் 250 மீற்றர் வரை உயரும். நம் இலக்கணநூலார் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் முறைமை திரிந்து தோன்றுவது. மழை பெய்யின் மீண்டும் முல்லையாகிவிடும். அரபு நாட்டுப் பாலையோ அவ்வாறு பருவத்துக்கு வந்துபோகும் வேடமன்று.

இம்மணற்கடலை முதன்முதல் குறுக்கறுத்த ஐரோப்பியர் பேட்றம் தோமஸ் என்பவர். மஸ்கற் சுல்தானிடம் நிதிமந்திரியாயிருந்த அவர் 1930ஆம் ஆண்டு டிசம்பரில் தெற்கே சலாலாவிலிருந்து புறப்பட்டு, 1931 பெப்ரவரியில் வடக்கே டோஹாவை அடைந்தார். மறு ஆண்டில் பில்பி என்பவர் வேறொரு வழியாற் சென்றார். மணலுட் புதைந்த வபார் என்னும் பழம்பதியைத் தேடிப்போன அவருக்குக் கிட்டியது நகரமன்று. விண்கல் வீழ்ந்து உண்டாக்கிய குழிகளே. 'முதன்முதல்' என்று இவர்களைச் சொல்லும்போது ஒன்றை மறத்தலாகாது. இவர்களுக்கு வழிகாட்டிய பதூக்கள் அம்மணலைத் தம் வீட்டு முற்றமாகக் கொண்டவர்கள். முன்னர் அதனைத் தனியே கடந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இவ்விருவருக்கும் பின் வந்த வில்பிரெட் தெசிகர் என்பவரையே நாம் சற்று விரிவாக எடுத்துக்கொள்கின்றோம். ஏனெனில், மற்றவர்கள் நிலத்தைக் கடக்கச் சென்றார்கள், அவர் மனிதரோடு வாழச் சென்றார். 1910இல் அபிசீனியாவிற் பிறந்த ஆங்கிலேயர், ஒக்ஸ்போட்டிற் கற்றவர். 1945இல் வெட்டுக்கிளி ஒழிப்புப் பணியின் பொருட்டு அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். வெட்டுக்கிளி அவருக்கு ஒரு சாட்டு மாத்திரமே என்பதை அவரே மறைக்கவில்லை. 1946 ஒக்டோபரிற் சலாலாவிலிருந்து புறப்பட்டு, றாஷித் குலத்தவரான சிலரோடு மணற்கடலைக் கடந்து டிசம்பரில் லீவாச் சோலைகளின் எல்லையை அடைந்தார். 1948 ஜனவரியில் மேற்குப் பக்கமாக மறுமுறை கடந்தபோது, ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே பதினாறு நாட்கள் நீரற்ற வழி. வழிகாட்டிகளுள் ஒருவரான முகம்மது அல் அவுப் என்பவரிடம், முன்னர் இம்மணலைக் கடந்தபோது உடன் வந்தவர் யாரென அவர் வினவியதாகவும், தான் தனியே வந்ததாகவும் இறைவனே துணையாயிருந்தான் என்றும் அவர் விடையிறுத்ததாகவும் தெசிகர் எழுதியிருக்கின்றார். அப்பிரயாணங்களை அவர் நூலாக்கியது 1959ஆம் ஆண்டிலேதான்.

அந்நூலில் எமது மனத்தைவிட்டு அகலாத ஓரிடம் முயல் சமைத்த கதை. பல நாட் பட்டினிக்குப்பின் கூட்டத்தார் கையில் ஒரு முயல் அகப்பட்டது. நீரோ அருமை, ஆயினும் குழம்புக்கென ஒரு பங்கு ஒதுக்கி, கலம் கொதிக்கும் வரை யாவரும் அதைச் சுற்றிக் காத்திருந்தனர். அவ்வேளையில் அயலார் மூவர் ஒட்டகங்களில் வந்து இறங்கினர். உடனே எழுந்து முகமன் கூறி, கோப்பி கொடுத்து, முயலையும் அப்பத்தையும் அப்படியே அவர்முன் வைத்து, இன்றைய தினம் நல்ல தினம், உங்களை இறைவன் கொண்டுவந்தான் என்றார்கள் பதூக்கள். விருந்தினர் நீங்களும் உண்ணுங்கள் என வற்புறுத்தியும் எவரும் கைவைக்கவில்லை. ஆங்கிலேயருக்கோ வந்தவர்மேற் கொலைவெறி போன்ற கோபம் உள்ளே மூண்டது. முகத்தில் அது தெரிந்துவிடக்கூடாதே என்று அஞ்சினார். அவ்வுண்மையை அவர் ஒளியாது எழுதியமையினாலேயே அவருடைய ஏனைய கூற்றுகளையும் நாம் நம்புகின்றோம்.

இவ்விருந்தோம்பலை வெறும் நற்குணம் என்று புகழ்ந்துவிட்டுப் போதல் எளிது. எமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. காவற்படையும் நீதிமன்றமும் சத்திரமும் இல்லாத பெருவெளியில், இன்று வாசலுக்கு வந்தவனைத் துரத்துபவன் நாளை வேறொருவன் வாசலில் நிற்கவேண்டியவன். பகைவனேயாயினும் கூடாரத்துக்குள் வந்து உப்பும் உணவும் உண்டுவிட்டானாயின், மூன்று நாட்களுக்கு அவனுயிர் விருந்தளித்தவன் பொறுப்பு. எவரையும் 'எத்தனை நாள் தங்குவாய், ஏன் வந்தாய்' என்று அந்நாட்களுக்குட் கேட்டல் தகாது. பெருங்கொடையாளியே பெருமகன். தெசிகர் கந்தலுடுத்த முதியவர் ஒருவரைக் கண்டு, இவர் யாரெனக் கேட்டார். ஒருகாலத்திற் பல ஒட்டகங்களுக்கு உரியவராயிருந்து, வந்தார்க்கெல்லாம் ஒட்டகம் அறுத்து விருந்திட்டே வறியரானவர் என்று உடனிருந்த இளைஞன் விடை கூறினான். அவன் குரலில் இரக்கமில்லை, பொறாமையே இருந்ததாம்.

இதனோடு ஒட்டியது 'றபீக்' என்னும் வழக்கம். றபீக் என்றால் தோழன். ஒரு குலத்தாரின் நிலத்தைக் கடக்க விரும்பும் அந்நியன், அக்குலத்தவன் ஒருவனை உடன் அழைத்துச் செல்லவேண்டும். அவ்வொருவன் உடனிருக்கும்வரை அவனுடைய குலம் முழுவதும் அந்நியனுக்குத் தீங்கு செய்யாதிருக்கக் கடமைப்பட்டது. தன் குலத்தானே வாளுருவி வந்தாலும் றபீக் குறுக்கே நிற்பான். நில்லாதவன் பெயர் தலைமுறை தலைமுறையாக இகழப்படும். காகிதமும் கையொப்பமும் இல்லாத இக்கடவுச்சீட்டு எத்தனையோ பிரயாணிகளின் உயிரைக் காத்தது.

சிறு வழக்கங்களும் சில உள. பேரீச்சம்பழம் முதலில்; பின்னர் பிடியில்லாச் சிறு கிண்ணத்தில் ஏலம் மணக்கும் கசந்த கோப்பி. வலக்கையாற் பெறவேண்டும். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் கொடுத்தல் வேண்டும். இது தெரியாமல் நாம் முதல்நாள் பதினொரு கிண்ணம் குடித்து இரவு முழுவதும் விழித்திருந்தோம். அடுத்து, செய்தி. வந்தவனிடம் 'என்ன செய்தி?' என்பது முதற்கேள்வி. 'செய்தி நல்லது' என்பதே முதல்விடை. பெற்ற தந்தை இறந்திருந்தாலும் அதுவே விடை. உண்மைச் செய்தி கோப்பிக்குப் பின்னர் மெல்ல வரும். கேட்டவன் அதை ஒன்றும் மாறாது மனத்திற்கொண்டு, அடுத்துக் காண்பவனுக்குச் சொல்லுவான். மழை பெய்த இடம், வற்றிய கிணறு, சண்டை, சமாதானம் எல்லாம் இவ்வாறே பாலைவனம் முழுவதும் பரவின.

சுவடறியும் வித்தை வேறு. தெசிகரின் தோழர் ஒருவர் மணலிற் கிடந்த சில ஒட்டகச் சுவடுகளையும் சாணத்தையும் கண்டு, இவர்கள் அவாமிர் குலத்தவர், அறுவர், தென்கரையில் ஜுனுபாக் குலத்தாரிடம் மூன்று ஒட்டகங்களைக் கவர்ந்து வந்தவர், இன்ன கிணற்றில் நீருண்டவர், பத்துநாள் முன்னர் இவ்வழி சென்றவர் எனக் கூறினார். பின்னர் விசாரித்ததில் யாவும் சரியாயிருந்தன. மணலில் வளர்ந்த ஒட்டகத்தின் அடித்தோல் கிழிந்து தொங்கும். பரல்நிலத்து ஒட்டகத்தின் அடித்தோல் தேய்ந்து வழுவழுப்பாயிருக்கும். சாணத்தைப் பார்த்தால் மேய்ந்த புதர் தெரியும், புதர் தெரிந்தால் இடம் தெரியும். மந்திரம் ஒன்றுமில்லை; படிப்புத்தான்.

ஒட்டகத்தைப் பற்றி ஒரு சொல். அதன் திமிலில் இருப்பது நீரென்று இன்றும் மாணாக்கர் எழுதுகின்றனர். அது கொழுப்பு. ஷ்மிற் நீல்சன் என்னும் விஞ்ஞானி 1953, 1954ஆம் ஆண்டுகளிற் சகாராவிற் செய்த ஆராய்ச்சியால், ஒட்டகம் பகலில் தன் உடல்வெப்பத்தை 40 பாகைக்கு மேலும் உயரவிட்டு, வியர்த்தலைத் தவிர்த்து, இரவின் குளிரில் அவ்வெப்பத்தை வெளிவிடுகின்றது என்பது தெளிவாயிற்று. உடல் நிறையிற் காற்பங்கு நீரை இழந்தும் உயிர்வாழும். கிணற்றைக் கண்டபோது நூறு லீற்றர் நீரைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும்.

இவற்றையெல்லாம் படித்துப் பதூக்களைத் தெய்வமாக்கிவிடுவாரும் உண்டு. குலத்துக்குக் குலம் ஒட்டகக் கொள்ளையும், ஒரு கொலைக்கு மறுகொலையாகத் தொடரும் பழிவாங்கலும் அவ்வாழ்வின் பகுதிகளே. பழிக்குச் சிறுவர்களும் பலியாயினர். அரேபியாவில் அடிமைமுறை அண்மைக்காலம்வரை நிலவியது; சவூதி அரேபியாவில் 1962இலும், ஓமானில் 1970இலுமே அது நீக்கப்பட்டது. மேலும், தெசிகரின் நூலிற் பெண்களின் குரல் கேட்பதரிது. ஆடவரோடு மாத்திரம் பிரயாணஞ் செய்தவர் கண்ட பாதி அது.

இனி எமது அனுபவத்துக்கு வருவோம். நாம் இருந்தது மணற்கடலின் தென்கிழக்கே கிடக்கும் 'ஜித்தத் அல் ஹராசிஸ்' என்னும் பரல்வெளி. மரமென்று சொல்ல ஆங்காங்கே சில முள்வேல்கள். ஆறில்லை, ஊற்றில்லை. அங்கு வாழும் ஹராசிஸ் குலத்தவருக்கு, 1950களின் பிற்பகுதியில் எண்ணெய் தேடி வந்தோர் ஆழ்கிணறு தோண்டும்வரை நிலையான நீர் எதுவும் இருக்கவில்லை. கடலிலிருந்து வந்து படியும் மூடுபனியைப் புதர்கள் பருகின. புதர்களை ஆடும் ஒட்டகமும் தின்றன. அவற்றின் பாலை மனிதர் பருகினர். அவர்கள் வீட்டிற் பேசும் மொழி அரபுமன்று. 'ஹர்சூசி' என்னும் தற்காலத் தென்னரேபிய மொழிகளுள் ஒன்று. தம்மிற் சிலரே பேசும் மொழியைக் காத்துவைத்திருக்கும் அம்மக்களிடம் எமக்கு இயல்பாகவே ஓர் அன்பு உண்டாயிற்று.

அளவைக்கோல்களுக்கு இடம் காட்ட வந்த முதியவர் ஒருவர், வந்து ஒரு மாதத்துள் எம்மைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்தார். முள்மரத்தடியில் கித்தானும் கம்பிவலையும் கொண்டு அமைத்த நிழலே அவ்வீடு. நாமோ பிறப்பிலிருந்தே மரக்கறி உணவினர். எமது ஓமானியச் சாரதியிடம் இதைச் சொன்னபோது, அவர் திகைத்து, "விருந்தை மறுத்தால் அவர் முகம் கெட்டுவிடும்; சும்மா ஒரு வாய் உண்டுவிடுங்கள்" என்றார். வழி நெடுக இதையே எண்ணிச் சென்றோம். இறங்கும்போதே ஒரு சிறுவன் வெள்ளாடு ஒன்றைக் கயிற்றிற் பிடித்து நின்றான். கோப்பிக்கு முன்னரே, எமக்கு வந்த குறைந்த அரபியில், எம்முன்னோர் வழியாக வந்த நேர்த்தி ஒன்றுண்டு, அதனால் நாம் ஊன் உண்பதில்லை என்று முதியவருக்கு உரைத்தோம். நேர்த்திக்கு அரபியில் 'நத்ர்' என்பர். அச்சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் மாற்றமொன்றுமில்லை. "இறைவனுக்குக் கொடுத்த வாக்கு மனிதன் கெடுக்கத்தக்கதன்று" என்றார். சாரதியும் நிம்மதியடைந்தார்; நாமும் அடைந்தோம். ஆனால் சிறிது நேரத்தில் ஆடு அறுக்கப்பட்டது.

எமக்கு ஒட்டகப்பாலும், பேரீச்சம்பழமும், நெய்விட்ட சோறும் தனித்தட்டில் வந்தன. ஊனைச் சாரதியும், அயல் மரங்களிலிருந்து வந்த உறவினரும் உண்டனர். பின்னர் சாரதி விளக்கினார்: விருந்தினன் உண்ணாதது அவனுடைய காரியம், அறுக்காதிருத்தல் தம்முடைய இழிவு. அக்குலத்தில் ஆடுகளின் பொறுப்பு பெண்களுடையது. முகமூடியணிந்த அவ்வீட்டம்மையார் அந்த ஆட்டைப் பெயர்சொல்லி அழைத்துவந்தவர் என்பதும் பின்னரே தெரிந்தது. உண்ணமாட்டாத நமக்காக ஓருயிர் போயிற்று. முன்னரே ஆளனுப்பிச் சொல்லியிருந்தாற் தப்பியிருக்குமோ, அல்லது அப்போதும் அறுத்திருப்பார்களோ என்பது எமக்கு இன்றுவரை விடை தெரியாத வினா. அதன்பின் அங்கு போகும்போதெல்லாம் அறிவியாமலே, அந்திக்குப் பின் பால் கறக்கும் நேரத்திற் போய்ச்சேருவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

அக்காலத்திலேயே ஒட்டகத்தின் இடத்தை யப்பான் நாட்டுச் சிறு லொறிகள் பிடித்துவிட்டிருந்தன. மோட்டார் வண்டியும் எண்ணெயும் பதூ வாழ்வை அழித்துவிடும் என்று தெசிகர் அஞ்சினார்; 1977இல் மீண்டும் ஓமானுக்கும் அபுதாபிக்கும் சென்று மனம் கசந்து திரும்பினார். அவர் 1946இற் பெருமூச்செறிந்து ஏறிய ஷைபா மணற்குன்றுகளிடையே 1998ஆம் ஆண்டு தொடக்கம் எண்ணெய் எடுக்கப்படுகின்றது. 2021 டிசம்பரில் ஓமானையும் சவூதி அரேபியாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை மணற்கடலூடே திறக்கப்பட்டது. ஆயினும், இவ்விடயத்தில் நாம் அவரோடு உடன்படவில்லை. முதியவரின் மகளுக்குப் பேற்றுநோவு கண்டபோது, லொறியே அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது. பட்டினியின் அழகைப் புகழும் உரிமை, வேண்டும்போது இலண்டனுக்குத் திரும்பக்கூடியவர்க்கு அவ்வளவாக இல்லை.

அழிந்தவற்றை அவர்கள் அறியாமலுமில்லை. அரேபிய வெள்ளை மான் எனப்படும் ஒறிக்ஸ், காட்டில் எஞ்சியிருந்தவை இதே பரல்வெளியில் 1972இல் வெளியார் வேட்டையால் இல்லாதொழிந்தன. அயல்நாட்டுத் தோட்டங்களில் வளர்த்தவற்றின் வழிவந்த சிறு மந்தையொன்று 1982இல் இங்கு மீண்டும் விடப்பட்டபோது, காவலராக ஹராசிஸ் குலத்தவரே அமர்த்தப்பட்டனர். சுவடறியும் பழைய வித்தைக்கு அரசாங்கச் சம்பளம் கிடைத்தது. 1994இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. 1996இல் ஏறத்தாழ 450ஆக இருந்த மான்கள், களவாகப் பிடித்து விற்போரால் 2007இல் 65ஆகக் குறைந்தன. காப்பிடத்தின் எல்லையையும் அரசாங்கம் பெரிதும் சுருக்கியது. அவ்வாண்டே யுனெஸ்கோ அதனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாறு நீக்கப்பட்ட முதலிடம் உலகிலேயே அதுதான்.

ஒன்றைச் சொல்லாது விட்டோம். 1983ஆம் ஆண்டு ஆடிமாதக் கடைசியிற் கொழும்பில் நிகழ்ந்தவற்றை நாம் பாலைவனத்தில், ஒரு சிறு வானொலியில், இரைச்சலூடே கேட்டறிந்தோம். எமது தமையனார் குடும்பத்தோடு கொழும்பிற் குடியிருந்தார், தாயாரும் அவரோடிருந்தார். மூன்று வாரம் செய்தியில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. வீடு எரிந்தது, நூல்கள், பத்திரங்கள், தந்தையாரின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆட்கள் உயிரோடு கப்பலேறிக் காங்கேசன்துறை வந்து சேர்ந்தார்கள் என்றிருந்தது.

அன்று அந்தியில் முதியவரிடம் போனோம். அவர் எழுந்து வந்து கைபற்றி, "என்ன செய்தி?" என்றார். "செய்தி நல்லது" என்றோம். பேரீச்சம்பழம் வந்தது, கோப்பி வந்தது. மூன்றாங் கிண்ணத்தை அசைத்துக் கொடுத்தபின் கடிதத்திலிருந்ததைச் சொன்னோம். அவர் குறுக்கே ஒன்றும் பேசாது கேட்டார். பின்னர், "உம் தமையனாருக்கு அவ்வூரில் றபீக் ஒருவரும் இல்லையா?" என்று வினவினார்.

இருந்தார். அடுத்த வீட்டுச் சிங்களப் பெரியவர் அவர்களை இரண்டு நாள் தம் வீட்டறையில் மறைத்து வைத்து, கும்பல் வந்தபோது வாசலில் நின்று, உள்ளே எவருமில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பினார் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அதையும் சொன்னோம். முதியவர் அந்த அயலவரின் பெயரைக் கேட்டார். சொன்னோம். நாவுக்குப் பழகாத அப்பெயரைத் திருத்தமாக வரும்வரை எம்மிடம் கேட்டுக்கேட்டு இருமுறை மும்முறை சொல்லிப் பார்த்தார். மறுவாரம் அளவை வேலையாக நாற்பது மைல் அப்பாலுள்ள வேறொரு மரத்தடிக்குப் போயிருந்தோம். நாம் முன்னர் கண்டறியாத இடையன் ஒருவன், கோப்பி ஊற்றிக்கொண்டே, அப்பெயருடையவர் நலமாயிருக்கின்றாரா என்று எம்மிடம் விசாரித்தான்.